நகக்கண்

“இவந்தான மதினி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

கிங்ஸ்டன் நீட்டிய செல்போனில் ஒரு முகம். முப்பது வயதிருக்கும். லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான்.

ஜெயஷீலா அதைப் பார்த்தாள். பார்த்தபடியே வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். நாடி தடதடவென்று ஓடியது. நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருந்தது. விட்டுத்தான் போனதா?

“கையப் பாக்காதீய மதினி, போட்டாவப் பாருங்க!”

“தெரியல தம்பி.”

“கைக்கெட்டுற தூரத்துல நின்னுருக்கான். எங்கண்ணன் ரத்தம் உங்க சேலையெல்லாம். தெரியலன்னா என்ன அர்த்தம்?”

அவள் முகத்தைத் திருப்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு கண் திறக்காமல் கிடந்தார் அவள் கணவர் கிருபாநிதி. கதவுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார் அற்புதமணி பைபிளை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் துறைமுகச் சாலையில் நடந்ததை ஊரே பேசிவிட்டது. ஜெயஷீலாவால்தான் பேச முடியவில்லை.

எல்லாம் அக்கா ரீனா போனதிலிருந்து வந்த வினை. நாசரேத்தில் டீச்சர். ஒரு தலைவலி என்று படுக்காதவள். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் கையில் பிடித்த சாக்பீஸோடு சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது ஜெயஷீலாவுக்கு. படி ஏறினால் மார்பைப் பிடிப்பாள். சாப்பிட்டு எழுந்தால் நாடியைப் பார்ப்பாள். தூத்துக்குடியில் அவள் போய்ப் பார்க்காத இதய டாக்டர் இல்லை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: உங்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தச் சொல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் மறந்துபோகும். ஈ.சி.ஜி. தாளைப் பார்க்கும்போது டாக்டர் ஒரு கணம் புருவத்தைச் சுருக்கியிருப்பார். அது மட்டும் மாதக்கணக்கில் மறக்காது.

அன்றைக்கும் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் கணவனும் மனைவியும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிருபாநிதி ஓட்டியபடியே எதையோ சொல்லிக்கொண்டு வந்தார். நிலக்கரி யார்டில் அவர்தான் மேனேஜர். யார்டு விஷயம்தான். “இத யார்ட்டயும் சொல்லிராதளா” என்று தொடங்கியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் அவள் காதில் விழவில்லை. அவள் கழுத்து நரம்பில் விரலை வைத்துத் துடிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

எதிரே ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது. பின்னால் இருந்தவன் குதித்தான். அரிவாள் ஏறி இறங்கியதில் கிருபாநிதியின் தோள் பிளந்தது. பைக் சாய்ந்தது. கீழே விழுந்தவரை மறுபடியும் வெட்டினான். கறிக்கடை மரமுட்டியில் கத்தி விழுவதுபோல ஒரு சத்தம். அவர் “ஷீலா, ஓடு” என்றார். அவள் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இதோ வருகிறது, அக்காவுக்கு வந்தது எனக்கும் வருகிறது என்று தன் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: முகம் எப்படி? சட்டை என்ன நிறம்? வண்டி நம்பர்? எதுவும் இல்லை. “இடது கை மரத்துப்போச்சு சார், தொண்ட அடைச்சுது” என்றாள். பக்கத்தில் நின்ற ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“கிளம்புங்க மதினி. போட்டாவுல தெரியலன்னா நேர்ல பாருங்க” என்றான் கிங்ஸ்டன்.

“நேர்லயா? எங்க?”

அவன் படியிறங்கிப் போய்க் காரை எடுத்தான்.

*

தருவைகுளம் போகிற பாதையில் கார் உப்பளத்துக்குள் திரும்பியது. வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் குத்தியது. உப்பு அம்பாரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை ஒன்று. வாசலில் இரண்டு பைக்குகள்.

உள்ளே போனதும் முதலில் மூக்கில் ஏறியது மூத்திர வாடை. அப்புறம்தான் ஆளைப் பார்த்தாள். தூணில் கட்டியிருந்தார்கள். செல்போனில் சிரித்த முகம் இங்கே முகமாகவே இல்லை. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. உதடு கிழிந்து பல் தெரிந்தது. இடது முன்கை வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

இரண்டு பேர் மூச்சிரைக்க நின்றார்கள். ஒருவன் கையில் சுமை கட்டுகிற கயிறு, முடிச்சுப் போட்டது. இன்னொருவன் கையில் ஜாக்கி திருகும் இரும்பு லீவர். அவர்களுக்குப் பின்னால் பேண்ட் பைக்குள் கைவிட்டபடி பாண்டியராஜன் நின்றான். யார்டில் புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர். கிருபாநிதிக்கு ரத்தம் கொடுத்தவன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியே கதி என்று கிடக்கிறான். கிங்ஸ்டனுக்கு அவன் இப்போது அண்ணனைவிட ஒரு படி மேல்.

“வாங்க மதினி. இவந்தான் செந்தில்வேலு. கரி திருடுனான்னு அண்ணாச்சி வேலையவிட்டு நிறுத்துன டிரைவரு. அந்த ஆத்திரந்தான்” என்றான் பாண்டியராஜன் மெதுவான குரலில்.

“நான் இல்லம்மா. எம் பிள்ள மேல சத்தியமா நான் இல்ல.” செந்தில்வேல் முனகினான்.

கயிறு அவன் முகத்தில் விளாசி இறங்கியது. அவன் தலை தூணில் மோதியது.

“அண்ணாச்சி என்னயத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாவ. உம்மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல, திங்கக்கெழமை வந்துருன்னு அவியளே போன் பண்ணாவ. அவியளப் போயி நான் எதுக்கு…”

“கத விடுதான்!” லீவர் அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு உடையும் சத்தம் ஜெயஷீலாவின் பல்லில் கூசியது. அவன் அலறிய அலறலில் வெளியே உப்புப் பாத்தியில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன.

அவள் சுவரைப் பிடித்தாள். நெஞ்சுக்குள் குதிரை ஓடியது. விரல் தானாக மணிக்கட்டைத் தேடிப் போனது.

கிங்ஸ்டன் இடுப்பின் பின்புறமிருந்து அரிவாளை உருவினான். புதிது. கடையின் விலைச்சீட்டு ஒட்டிய பசை கைப்பிடியில் இன்னும் இருந்தது. லாரி உதிரிபாகக் கடை நடத்துகிறவன். அரிவாள் பிடித்துப் பழக்கமில்லாத கை.

“நீங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம் மதினி. தலைய மட்டும் ஆட்டுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். ஆட்டிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இந்தத் துடிப்பு அடங்கும். இனி யாரும் வந்து அவளிடம் கேட்க மாட்டார்கள். உண்மையில் இவன்தானோ என்னவோ. இவன் இல்லை என்று சொல்லவும் அவளிடம் எதுவும் இல்லையே.

அவள் செந்தில்வேலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணைத் தாழ்த்தினாள். அவன் கை கண்ணில் பட்டது. வயிற்றுக்கு முன்னால் சேர்த்துக் கட்டிய கைகள். ஒரு விரலின் நகத்தைப் பிடுங்கியிருந்தார்கள். ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மற்ற நகங்கள் தட்டையாக, சதுரமாக, கரித்தூள் ஏறி இருந்தன.

நகம்.

எங்கோ படித்திருந்தாள். இதயத்திலோ நுரையீரலிலோ நெடுநாள் நோய் இருந்தால் விரல் நுனி உருண்டு தடிக்குமாம். நகம் கிளிமூக்காக வளைந்து இறங்குமாம். அதைப் படித்த நாள் முதல் தினமும் இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் சேர்த்துவைத்து, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாள். பஸ்ஸில் எதிரே இருப்பவர், கடைக்காரர், பாதிரியார், யாராயிருந்தாலும் அவள் கண் முதலில் நகத்துக்குத்தான் போகும்.

அன்றைக்கும் போயிருந்தது.

குறுக்கே வந்த அந்த பைக். ஓட்டியவன் இறங்கவே இல்லை. தலைக்கவசம் போட்டிருந்தான். அவன் கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தன. ரோட்டோரத்தில் சாகப் போகிறோம் என்று உட்கார்ந்திருந்தவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகள் உருண்டு திரண்டு, நகங்கள் வளைந்து, நகக்கண்ணெல்லாம் நீலம் பாரித்து. ‘இவனுக்கும் நோய் இருக்கிறது’ என்று அந்த நேரத்திலும் நினைத்தாள். ‘இவனுக்குத் தெரியுமோ தெரியாதோ’ என்றும் நினைத்தாள். அப்புறம் மறுபடியும் தன் நாடிக்குள் போய்விட்டாள்.

முகம், சட்டை, நம்பர் என்று கேட்டார்களே தவிர, கண்ணில் பட்டது என்ன என்று அவளிடம் யாருமே கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

“என்ன மதினி?” என்றான் கிங்ஸ்டன்.

“ஒரு வாய் தண்ணி வேணும்.”

பாண்டியராஜன் பையிலிருந்து கையை எடுத்தான். ஜன்னலோரம் இருந்த பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கினாள். வாங்கும்போது அந்தக் கையைப் பார்த்தாள்.

இத்தனை நாளும் இந்தக் கைதான் அவளுக்குக் காப்பி வாங்கித் தந்திருக்கிறது. அவள் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அவள் கண் இருந்ததெல்லாம் கணவர் தலைமாட்டில் ஓடிய பச்சைக் கோட்டிலும் தன் மணிக்கட்டிலும்தான்.

உருண்ட நுனி. வளைந்த நகம். நீலம்.

பாட்டில் உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. பாண்டியராஜன் அவள் பார்வை போன வழியே தன் கையைப் பார்த்தான். கையை மெல்லப் பைக்குள் திரும்ப விட்டுக்கொண்டான்.

கொட்டகையில் நின்ற இரண்டு பேரும் அவன் கூட்டி வந்த ஆட்கள். இங்கே உண்மையைச் சொன்னால் முதலில் விழுவது கிங்ஸ்டன். அடுத்தது அவள். தூணில் இருப்பவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

“இவன் இல்ல” என்றாள்.

“என்னது?”

“இவன் இல்ல தம்பி. அந்த ஆளு வேற.”

“முந்தா நாளு தெரியாதுன்னீங்க! காலைல தெரியாதுன்னீங்க! இப்ப மட்டும் எப்படித் தெரியும்?” கிங்ஸ்டன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் தலை தகரத்தில் மோதியது. “எங்கண்ணன் வெட்டுப்பட்டுக் கெடக்கையில நாடி பாத்துட்டு இருந்தவ நீ! உனக்கு என்னளா தெரியும்?”

அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அவளை ஒருமையில் பேசியதில்லை. அந்த அடியைவிட அந்தச் சொல் வலித்தது. ஏனென்றால் அது உண்மை.

“விடுங்க கிங்ஸ்டன். மதினி பயந்துருக்காவ. சாட்சி எதுக்கு நமக்கு? நம்ம பயலுவளே முடிச்சிருவானுவ. நீங்க அவியளக் கூட்டிட்டுக் கிளம்புங்க” என்றான் பாண்டியராஜன்.

லீவர்காரன் செந்தில்வேலின் தலைமுடியைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தினான். கயிறு கழுத்தில் ஏறியது. அவன் கால்கள் மண்ணை உதைத்தன. முகம் கறுத்தது.

ஜெயஷீலா பாட்டிலை நழுவவிட்டாள். இடது கையை வலது கையால் பற்றினாள். தாடையைக் கோணினாள். மூச்சு உள்ளே போகாததுபோல இழுத்தாள். அக்கா எப்படிச் சரிந்தாள் என்று பார்த்தவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுத் தனக்குள் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் வலி தொடங்கும், எப்படித் தோளுக்கு ஏறும், எப்போது வேர்க்கும், எல்லாம் மனப்பாடம். எதைக் கண்டு இத்தனை வருஷம் நடுங்கினாளோ அதைத் தானே கூப்பிட்டு உடம்பில் ஏற்றிக்கொண்டாள். மண்ணில் விழுந்தாள். நெற்றி கல்லில் இடித்து ரத்தம் வந்தது. கையை ஊன்றவில்லை.

“மதினி! ஏ மதினி!” அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான் கிங்ஸ்டன்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வெட்டுனவன் யாருன்னு… இவனுக்குத் தெரியும். இவன் செத்தா… அண்ணனுக்கு நியாயம் கிடைக்காது. இவனையும்… வண்டில ஏத்து.”

கிங்ஸ்டன் ஒரு கணம்தான் யோசித்தான். “ஏலே, கயித்த விடு! இவனப் பின் சீட்ல போடுங்கல! வழியில நான் பேச வைக்கேன்!”

ஆட்கள் பாண்டியராஜனைப் பார்த்தார்கள். அவன் பார்வை தரையில் கிடந்தவள்மேல் நிலைத்திருந்தது. அப்புறம் தலையசைத்தான்.

“நான் முன்னால பைக்ல போயி டாக்டர்ட்டச் சொல்லி வைக்கேன். நீங்க மெதுவா வாங்க” என்றான்.

வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. மண்ணில் கிடந்த ஜெயஷீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் போவது ஆஸ்பத்திரிக்கு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது யார்?

*

கார் உப்பளப் பாதையைத் தாண்டியதும், முன் சீட்டில் சாய்ந்து கிடந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வேகமாப் போ.”

கிங்ஸ்டன் திரும்பிப் பார்த்தான். “மதினி? உங்களுக்கு…”

“எனக்கு ஒண்ணுமில்ல. பாண்டியராஜன்தான். அன்னைக்கு பைக் ஓட்டுனது அவன். அவன் கையப் பாத்தேன். அந்த நகத்தப் பாத்தேன்.”

கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண்ணில் சறுக்கி நின்றது.

“அவன் எங்கண்ணனுக்கு ரத்தம் குடுத்தவன்!”

“குடுத்தான். கிட்ட இருக்கணும்லா, அதுக்குக் குடுத்தான்.”

பின் சீட்டில் சுருண்டு கிடந்த செந்தில்வேல் உடைந்த வாயால் பேசினான். “கரி திருடுனது அவந்தாண்ணே. எம் பேருல லோடு எழுதி அனுப்புனான். அண்ணாச்சி அதக் கண்டுபிடிச்சுட்டாவ. அதுக்குத்தான்…”

இத யார்ட்டயும் சொல்லிராதளா. அன்றைக்கு அவர் சொல்லிக்கொண்டு வந்தது இதுதான். முதுகுக்குப் பின்னால் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நம்பிச் சொன்னார்.

கிங்ஸ்டன் ஸ்டியரிங்கில் நெற்றியால் முட்டினான். ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் வண்டி பாய்ந்தது. எதிரே வந்த ஆட்டோ ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கியது. நிலக்கரி லாரி ஒன்றின் பக்கவாட்டில் உரசிக் கண்ணாடி தெறித்தது. அவன் நிறுத்தவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கரி வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. கிங்ஸ்டன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் கெட்ட வார்த்தையில் கத்தினான்.

ஜெயஷீலா மாமியாரின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். நெற்றி ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தாள்.

“ஏளா, ஷீலாவா?” மாமியார் அற்புதமணியின் குரல். அழுகையும் சிரிப்புமாகக் குழறியது. “கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாருளா! இப்பத்தான் பாக்க விட்டாவ. உம் புருசன் கண்ணு முழிச்சுட்டான்!”

“அத்தை, நான் சொல்லுததக் கேளுங்க. பாண்டியராஜன் அங்கன வந்தா உள்ள விடாதீய. யாரையும் விடாதீய. நர்ஸக் கூப்பிடுங்க!”

“பாண்டியா? அந்தப் பிள்ளையப் பாத்துத்தானளா இவன் முழிச்சதே! அவன் உள்ள போயி கையப் பிடிச்சான், இவன் பட்டுன்னு கண்ணத் தொறந்துட்டான். எப்படிப் பாக்கான் தெரியுமா அவனையே, கண்ணு இமைக்காம. தலைய இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுதான். சந்தோசந்தான். கட்டிலே ஆடுது.”

“அத்தை! கத்துங்க அத்தை!”

“எதுக்குளா கத்தணும்? இரு, அந்த மிசினு என்னமோ கூவுது… ஏ பாண்டி, அந்தக் குழாய எதுக்குய்யா பிடிக்க?”

போன் தரையில் விழும் சத்தம் கேட்டது.

ஜெயஷீலா கதவைத் திறந்தாள். கடைசி வேகன் இன்னும் வரவில்லை. கேட் கம்பத்துக்குக் கீழே குனிந்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலின் ஓரமாகத் தண்டவாளக் கற்களின்மேல் நகரத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினாள்.